நூறு தாண்டியவர்கள் என்ன சாப்பிட்டார்கள்?

1949ஆம் ஆண்டில் ஒகினாவா அமெரிக்க ராணுவ ஆட்சியின் கீழ் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் அங்கே நடந்த போரில் தீவின் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மாண்டுபோயிருந்தார்கள். பிழைத்தவர்கள் எதைத் தின்று உயிர் வளர்க்கிறார்கள் என்று ஆட்சியாளர்கள் கணக்கெடுத்தார்கள். ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்குச் சர்க்கரைவள்ளிக்கிழங்கு 849 கிராம், அரிசி 154 கிராம், சோயாவும் பயறும் 71 கிராம், மீன் 15 கிராம், இறைச்சி 3 கிராம். எல்லாம் சேர்த்து 1,785 கலோரி. அதில் 69 விழுக்காடு கிழங்கிலிருந்து மட்டுமே வந்தது. புரதத்தின் பங்கு 9 விழுக்காடு, கொழுப்பின் பங்கு 6 விழுக்காடு.

நூறு வயது தாண்ட என்ன சாப்பிட வேண்டும் என்று பேசும் எழுத்துகள் பலவும், நேராகவோ சுற்றிவளைத்தோ, இந்தக் கணக்கிலிருந்துதான் கிளம்புகின்றன. ஒகினாவாவின் நூறு வயதினரைப் பற்றிய ஆய்வை மருத்துவர் மகோதோ சுசுகி 1975இல் தொடங்கினார். பின்னர் அவருடன் சேர்ந்த வில்காக்ஸ் சகோதரர்கள் அமெரிக்க ஆவணக் காப்பகத்திலிருந்த 1949 கணக்கை வெளிக்கொண்டுவந்தார்கள். குறைந்த கலோரி, நிறையக் கிழங்கு, சிறிது சோயா, பாகற்காய், கடற்பாசி, துளி மீன்: இதுவே நீண்ட ஆயுளின் உணவு என்று உலகம் அதை எடுத்துக்கொண்டது.

அந்தத் தட்டு எப்படி வந்தது என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சர்க்கரைவள்ளிக்கிழங்கை 1605இல் சீனத்தின் ஃபூஜியான் பகுதியிலிருந்து ஒகினாவாவுக்குக் கொண்டுவந்தவர் நோகுனி சோகான். ஆண்டுதோறும் சூறாவளி வீசும் தீவு அது. காற்றில் நெல் சாய்ந்துவிடும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு தப்பிக்கும். அதனால் கிழங்கு ஏழைகளின் அன்றாட உணவாயிற்று. பன்றி இறைச்சி திருநாள்களில் மட்டும் கிடைத்தது. 1949இல் பதிவான 3 கிராம் இறைச்சி யாரும் விரும்பி ஏற்ற விரதம் கிடையாது. போர் தின்றது போக மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1990இல் நூறு வயதை எட்டிய ஒகினாவாப் பெண் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவர் 1890இல் பிறந்தவர். போரின்போது அவருக்கு வயது 55. தீவு மீண்டும் ஜப்பானோடு இணைந்த 1972இல் வயது 82. இளமையில் கிழங்கு, நடுவயதில் பட்டினி, முதுமையில் அரிசிச் சோறும் பன்றி இறைச்சியும் டோஃபுவும், கூடவே ரத்த அழுத்த மாத்திரையும் மருத்துவக் காப்பீடும். இதில் எது அவரை நூறுக்குக் கொண்டுசேர்த்தது? நூறு வயதுக்காரரின் உணவு என்று நாம் ஒருமையில் பேசுவது ஒரு நூற்றாண்டின் பல உணவுகளை. நீண்ட ஆயுள் ஆய்வுகளின் முடிவுகளை எடைபோடும்போது இதை மறக்கலாகாது.

உணவுக்கு முன்னால் வயதைப் பேச வேண்டும். ஒருவருக்கு நூறு வயது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைத் தவிர்த்ததால் கடந்த நூற்றாண்டில் அறிஞர்கள் பலமுறை வழிதவறினார்கள். நோயெதிர்ப்பு ஆய்வுக்காக 1908இல் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிகாஃப், பல்கேரியக் குடியானவர்கள் தயிரால் நெடுநாள் வாழ்கிறார்கள் என்று நம்பினார். தயிருக்கு ஆயுள் மருந்து என்ற பெயர் ஐரோப்பாவில் பரவியதற்கு அவர் எழுத்து முக்கியக் காரணம். 1973இல் ஹார்வர்டு மருத்துவர் அலெக்சாண்டர் லீஃப், ஈக்குவடாரின் வில்கபாம்பா, பாகிஸ்தானின் ஹன்சா, காகசஸ் மலையின் அப்காசியா ஆகிய மூன்று இடங்களையும் நெடுவாழ்வின் நிலங்கள் என்று நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் எழுதினார். வில்கபாம்பாவின் ஞானஸ்நானப் பதிவுகளை மேஸஸ், ஃபோர்மன் என்ற இருவர் ஒவ்வொன்றாகச் சரிபார்த்து 1979இல் வெளியிட்டார்கள். அங்கே உண்மையில் நூறைத் தொட்டவர் ஒருவர்கூட இல்லை. மக்கள் எழுபதைத் தாண்டியதும் வயதைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் இருந்தது. காகசஸ் கதையை உயிரியலாளர் சோரெஸ் மெத்வெதேவ் 1974இலேயே தகர்த்திருந்தார். ஹன்சாவில் பிறப்புப் பதிவே இல்லை. மூன்று இடங்களின் உணவுப் பட்டியல்கள் மட்டும் இன்றுவரை சுற்றிவருகின்றன. எவரும் அடையாத வயதுக்கு அந்த உணவு காரணம் என்று சொல்லப்படுகிறது.

பதிவேடு இருந்தாலும் போதாது என்பதை 2010இல் ஜப்பான் கண்டது. டோக்கியோவில் 111 வயதானவர் என்று பதிவில் இருந்த ஒருவர் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்பே இறந்து வீட்டிலேயே கிடந்தார். குடும்பத்தார் அவருடைய ஓய்வூதியத்தை வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதைத் தொடர்ந்து நடந்த சரிபார்ப்பில், குடும்பப் பதிவேடுகளில் உயிரோடு இருப்பதாகக் காட்டப்பட்ட, ஆனால் இருப்பிடம் தெரியாத நூறு வயதினர் 2,34,000க்கும் மேல் என்று நீதி அமைச்சகம் அறிவித்தது. ஆண்டுதோறும் அரசு வெளியிடும் நூறு வயதினர் எண்ணிக்கை வசிப்பிடப் பதிவை வைத்துக் கணக்கிடப்படுவது, ஆகவே இந்தக் குழப்பம் அதை அப்படியே கெடுத்துவிடவில்லை. ஆனால் நம்பிக்கை ஆட்டங்கண்டது. சால் நியூமன் என்ற ஆய்வாளர் 2019இல் இன்னும் கடுமையான கேள்வியை எழுப்பினார். அமெரிக்க மாநிலங்களில் பிறப்புச் சான்றிதழ் முறை வந்ததும், 110 வயதைத் தாண்டியவர்களின் பதிவுகள் 69 முதல் 82 விழுக்காடு வரை குறைந்தன என்று அவர் காட்டினார். மிக முதியோர் அதிகமாகப் பதிவாகும் இடங்கள் பல, ஏழ்மையும் பதிவுக் குறைபாடும் மிகுந்த இடங்களாக இருப்பதையும் சுட்டினார். ஒகினாவாவின் பதிவேடுகளில் பெரும்பகுதி 1945 போரில் எரிந்து, பிறகு மறுபடி எழுதப்பட்டவை என்பதும் அவர் வாதத்துக்கு வலுச் சேர்த்தது. தாங்கள் ஒவ்வொருவரின் வயதையும் நேரில் சரிபார்த்தோம் என்பது சுசுகி குழுவின் பதில். என் மதிப்பீட்டில் நியூமன் முழுவதையும் கவிழ்த்துவிடவில்லை; ஆனால் இனி யாரும் சான்று காட்டாமல் எண்ணிக்கை பேச முடியாதபடி செய்திருக்கிறார்.

நம் நாட்டுக் கணக்கும் இங்கே பொருந்தும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் நூறும் அதற்கு மேலும் வயதானவர்கள் ஆறு லட்சத்துக்கும் அதிகம் என்றது. அதே ஆண்டில் ஜப்பானின் எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் கீழே. சராசரி ஆயுளில் ஜப்பான் நம்மைவிட எவ்வளவோ முன்னே இருக்கையில் இது நடக்கக்கூடியது இல்லை. கணக்கெடுப்பவர் வயதைக் கேட்கும்போது அறுபது, எழுபது, எண்பது, நூறு என்று முழு எண்களில் பதில் வருவது நாம் எல்லோரும் நம் வீடுகளில் கண்டதுதான். பிறப்பு இறப்புப் பதிவை நாடெங்கும் கட்டாயமாக்கிய சட்டம் வந்தது 1969இல். நூற்றுப்பத்து வயதில் கம்பங்கூழ் குடித்துக் காடு கழனி சுற்றிய தாத்தா பற்றிய செய்தியைப் படிக்கும்போது, கூழை விசாரிப்பதற்கு முன் அவர் பிறந்த ஆண்டு எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று விசாரிப்பது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

பதிவுகள் உறுதியாக நின்ற இடங்களும் உண்டு. இத்தாலியின் சார்தீனியாத் தீவில் ஜான்னி பெஸ் என்ற மருத்துவரும் மிஷேல் பூலான் என்ற மக்கள்தொகையியலாளரும் ஊர் ஊராகத் திருச்சபை, நகராட்சிப் பதிவுகளை ஒப்பிட்டு 2004இல் முடிவை வெளியிட்டார்கள். வரைபடத்தில் அவர்கள் நீல மையால் குறித்த பகுதிதான் பின்னாளில் நீல மண்டலம் என்ற புகழ்பெற்ற பெயருக்கு மூலம். அந்த மலையூர்களின் தனிச்சிறப்பு, நூறு தாண்டிய ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய சம எண்ணிக்கையில் இருப்பது. மற்ற நாடுகளில் அப்படி இல்லை. ஜப்பானில் 2025இல் பதிவான 99,763 நூறு வயதினரில் 88 விழுக்காட்டினர் பெண்கள். சார்தீனிய முதியவர்களின் உணவு பார்லி, கோதுமை ரொட்டி, அவரை வகைகள், உருளைக்கிழங்கு, ஆட்டுப்பால், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி. ஒகினாவாவோடு ஒப்பிட்டால் கிழங்கு இடத்தில் தானியம், சோயா இடத்தில் பால். பெஸ் பின்னர் ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டபோது, ஆண்களின் நீண்ட ஆயுளோடு அதிகம் ஒட்டிவந்தவை வேறு: மேய்ச்சல் தொழில், நிலத்தின் சரிவு, வேலைக்கு நடந்த தொலைவு. ஆட்டுமந்தையோடு ஆயுள் முழுக்க மலை ஏறி இறங்கியவர்கள் அவர்கள். சிவப்பு ஒயினைப் பற்றி எழுதியவர்கள் அந்த மலையைப் பற்றி அவ்வளவு எழுதவில்லை.

கோஸ்டா ரிக்காவின் நிகோயா தீபகற்பத்தில் சுண்ணாம்பில் வேகவைத்த சோளத்தின் ரொட்டி, கறுப்பு அவரை, பூசணி. அறுபது வயதான நிகோயா ஆண் நூறை எட்டும் வாய்ப்பு, அதே வயது ஜப்பானிய ஆணைவிட ஏழு மடங்கு என்று லூயிஸ் ரோசெரோ பிக்ஸ்பி கணக்கிட்டார். அவரே 2023இல், பின்னால் பிறந்த தலைமுறைகளில் அந்தச் சிறப்பு மறைந்துவருவதாக எழுதினார். தன் கண்டுபிடிப்பு கரைவதைத் தானே முதலில் வெளியிட்ட ஆய்வாளரை நான் மதிக்கிறேன்.

இந்த இடங்களின் உணவுகளில் பொதுவாக நிற்பவை சில: பயறு அல்லது அவரை, நார்ச்சத்துள்ள மாவுப்பொருள், காய்கீரை, குறைந்த இறைச்சி, ஆலையில் செய்த தின்பண்டம் இல்லாமை. ஆனால் உலகின் ஏழை வேளாண் ஊர்கள் பெரும்பாலானவற்றில் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இதே உணவுதான் இருந்தது. அங்கெல்லாம் மக்கள் நூறு வயது வாழவில்லை. குழந்தையிலேயே காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் இறந்தார்கள். ஆகவே இந்தப் பொதுத்தன்மை மட்டும் எதையும் நிரூபித்துவிடாது.

நல்ல சான்று வேண்டுமானால் முன்கூட்டியே ஆட்களைச் சேர்த்து, உணவைக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் பின்தொடர வேண்டும். கலிபோர்னியாவில் செவன்த் டே அட்வென்டிஸ்ட் திருச்சபையினரிடம் இது நடந்தது. லோமா லிண்டாப் பல்கலைக்கழகத்தார் 34,000 பேரைப் பின்தொடர்ந்து 2001இல் வெளியிட்ட முடிவு: மற்ற வெள்ளைக் கலிபோர்னியர்களைவிட அட்வென்டிஸ்ட் ஆண்கள் 7.28 ஆண்டும் பெண்கள் 4.42 ஆண்டும் கூடுதலாக வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் புகைப்பதில்லை, குடிப்பதில்லை. அந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுப் பார்க்க இந்தக் கூட்டம் உதவுகிறது, ஏனென்றால் இவர்களுக்குள்ளேயே இறைச்சி உண்பவர்களும் உண்ணாதவர்களும் இருக்கிறார்கள். வாரத்தில் நான்கு முறைக்கு மேல் கொட்டைப்பருப்பு தின்றவர்களுக்கு இதயநோய் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. 2013இல் வெளிவந்த அடுத்த ஆய்வில், 73,000 பேரில் சைவ உணவினரின் இறப்பு விகிதம் மற்றவர்களைவிட 12 விழுக்காடு குறைவு. மீன் சேர்த்துக்கொண்ட சைவர்களுக்கு அதைவிடவும் குறைவு. இந்த எண்களில் ஆரவாரம் இல்லை. எழுபதில் வரவேண்டிய மாரடைப்பு எண்பதுக்குத் தள்ளிப்போகிறது என்று அவை சொல்கின்றன. நான் நம்பத் தயாராக இருக்கும் அளவு அதுதான்.

எண்பதிலிருந்து நூறுக்குப் போவது வேறு கதை என்று தோன்றுகிறது. நியூயார்க்கில் நீர் பார்ஸிலாய் குழு, 95 வயதைத் தாண்டிய 477 அஷ்கெனாசி யூதர்களின் பழைய வாழ்க்கைமுறையை, அவர்கள் காலத்துப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2011இல் வெளியிட்டது. உணவிலோ உடற்பயிற்சியிலோ புகையிலோ மதுவிலோ இவர்கள் மற்றவர்களைவிடச் சிறப்பாக வாழ்ந்திருக்கவில்லை. இவர்களைக் காத்தது பெரும்பாலும் மரபணு என்பது குழுவின் முடிவு. ஃபாக்ஸோ3 என்ற மரபணுவின் ஒரு வடிவம் நீண்ட ஆயுளோடு தொடர்புடையது என்று ஹவாயில் வாழும் ஜப்பானிய வழித்தோன்றல்களிடம் 2008இல் கண்டறிந்ததும் வில்காக்ஸ் குழுதான். டென்மார்க் இரட்டையர் ஆய்வுகள் சராசரி ஆயுளில் மரபின் பங்கைக் கால்வாசி என மதிப்பிட்டன. ஆனால் வயது ஏற ஏற அதன் பங்கு கூடுகிறது.

ஆகவே நூறு வயதுக்காரரிடம் மைக்கை நீட்டி இரகசியம் கேட்பதால் பயன் சிறிது. பிரான்சின் ழான் கால்மான் 1997இல் 122 வயதில் இறந்தார். சாக்லெட் விரும்பிச் சாப்பிட்டவர், நூறைத் தாண்டியும் புகைத்தவர். அதைப் பின்பற்றி நூறு பேர் சாக்லெட்டும் சிகரெட்டுமாக வாழ்ந்து அறுபதில் இறந்திருந்தால் அவர்களை யாரும் பேட்டி காணப் போவதில்லை. ஸ்பெயினில் 117 வயதில் 2024இல் இறந்த மரியா பிரன்யாஸ் நாள்தோறும் தயிர் சாப்பிட்டவர். அவருடைய குடல் நுண்ணுயிர்கள் இளையவர்களுடையதை ஒத்திருந்தன என்று மனெல் எஸ்தெலெர் குழு கண்டது. அவருக்குக் காப்பளிக்கும் மரபணு வடிவங்கள் பல இருந்ததையும் அதே ஆய்வு சொன்னது. தலைப்புச் செய்திகளில் தயிர் மட்டும் இடம்பிடித்தது.

குறைவாக உண்பது பற்றிய கருத்துக்கு ஆய்வகச் சான்று உண்டு. வயிற்றை முழுக்க நிரப்பாமல் பத்தில் எட்டுப் பங்கோடு எழுந்துவிடு என்பது ஒகினாவா முதியோர் சொல்லும் விதி. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் மெக்கே 1935இல் எலிகளுக்கு உணவைக் குறைத்து ஆயுளைக் கூட்டினார். குரங்குகளில் விஸ்கான்சின் ஆய்வகம் 30 விழுக்காடு உணவைக் குறைத்தபோது ஆயுள் கூடியது என்று 2009இலும், அமெரிக்க தேசிய முதுமை நிறுவனம் அதேபோன்ற சோதனையில் ஆயுள் கூடவில்லை என்று 2012இலும் அறிவித்தன. முரணுக்குக் காரணம் தீவனத்திலேயே இருந்தது. விஸ்கான்சின் தீவனத்தில் சர்க்கரை கால் பங்குக்கும் மேல். ஒப்பீட்டுக் குரங்குகள் வேண்டுமளவு தின்றன. மற்ற ஆய்வகத்தின் தீவனத்தில் சர்க்கரை 4 விழுக்காடு அளவுதான். ஒப்பீட்டுக் குரங்குகளுக்கும் அளவோடுதான் உணவு. கெட்ட உணவை மிகுதியாகத் தின்பவருக்குக் குறைப்பது பெரும் நன்மை. நல்ல உணவை அளவோடு உண்பவருக்கு மேலும் குறைப்பதால் பெரிதாக ஒன்றுமில்லை. மனிதர்களிடம் இரண்டு ஆண்டு நடந்த கலெரி என்ற சோதனையில் 25 விழுக்காடு குறைக்க முயன்றவர்களால் சராசரியாக 12 விழுக்காடுதான் குறைக்க முடிந்தது. முதுமை அடையும் வேகம் 2 முதல் 3 விழுக்காடு தணிந்ததாக ஓர் அளவீடு காட்டியது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியம் என்று கருதுகிறேன், குறிப்பாகப் பேரப்பிள்ளைகளின் பேச்சைக் கேட்டுச் சோற்றைக் குறைத்துவிடும் நம் வீட்டுப் பெரியவர்களுக்காக. ஜப்பானில் 1972–73இல் 94 நூறு வயதினரின் உணவை ஆராய்ந்தபோது, அவர்கள் உண்ட புரதத்தில் விலங்குப் புரதத்தின் பங்கு அன்றைய சராசரி ஜப்பானியரைவிட அதிகமாக இருந்தது. எழுபது வயதை ஒட்டிய நகரவாசிகள் 422 பேரைப் பத்தாண்டு பின்தொடர்ந்ததில், பாலும் எண்ணெயும் கொழுப்பும் கூடுதலாக உட்கொண்டவர்கள் அதிகம் பிழைத்திருந்தார்கள். அமெரிக்காவில் 2014இல் வந்த ஆய்வொன்றும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டியது: ஐம்பதிலிருந்து அறுபத்தைந்து வரை அதிகப் புரதம் உண்டவர்களுக்கு இறப்பு அபாயம் கூடியது, அறுபத்தைந்துக்குப் பிறகு நிலைமை தலைகீழானது. முதுமையில் தசை கரைகிறது, பசி குறைகிறது, விழுந்தால் எலும்பு முறிகிறது. நாற்பது வயதுக்காரருக்கு நன்மை தரும் குறைப்பு எண்பது வயதுக்காரரைப் படுக்கையில் தள்ளலாம். முட்டையோ பாலோ மீனோ பருப்போ அவர் தட்டில் இருப்பது ஆடம்பரம் ஆகாது.

இனி ஒகினாவாவின் பிற்கதை. அமெரிக்கத் தளங்களோடு டப்பா இறைச்சியும் பொரித்த உணவும் வந்தன. ஏ அண்ட் டபிள்யூ துரித உணவகம் 1963இலேயே அங்கே கடை திறந்தது. ரயில் இல்லாத தீவில் கார் வந்து நடையை ஒழித்தது. 1995இல் ஜப்பானின் 47 மாகாணங்களில் ஒகினாவா ஆண்களின் ஆயுள் 4ஆம் இடத்தில் இருந்தது. 2000இல் 26ஆம் இடம். 2020இல் 43ஆம் இடம். நெடுங்காலம் முதலிடத்தில் இருந்த பெண்கள் 2020இல் 16ஆம் இடத்துக்கு இறங்கினார்கள். பாட்டன் பாட்டியின் மரபணு பேரனிடமும் இருக்கிறது. சந்தையும் சாலையும் தட்டும் மாறிவிட்டன. நூறு வயதினரைப் பேட்டி காண்பதைவிட இந்த வீழ்ச்சி, உணவு ஆயுளைத் தொடுகிறது என்பதற்கு எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது.

எதிர்த்திசையில் நடந்ததும் அதே நாட்டில்தான். நாகானோ மலைநாடு, நீண்ட குளிர்காலம், உப்பில் ஊறிய கீரையும் உப்பு மிகுந்த மிசோ சூப்பும் அன்றாட உணவு. 1960களில் பக்கவாதத்தால் அதிகம் பேர் இறந்த மாகாணங்களில் அது ஒன்று. சாகு மருத்துவமனைக்கு 1945இல் வந்த தோஷிகாசு வகாத்சுகி, ஊர் ஊராகப் போய் உடலைச் சோதித்தார். மருத்துவமனை ஊழியர்களோடு நாடகம் போட்டு விவசாயிகளுக்கு நோயைப் புரியவைத்தார். 1976இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. ஊர்ப் பெண்கள் சுகாதாரத் தொண்டர்களாகி வீடு வீடாக மிசோ சூப்பின் உப்பை அளந்தார்கள்; சூப்பில் காய்களைக் கூட்டினால் உப்பு தானே குறையும் என்று சொல்லிக்கொடுத்தார்கள்; குளிரில் ஓர் அறையையாவது சூடாக வைத்திருக்கச் செய்தார்கள். 1980களில் மாகாண அரசே உப்புக் குறைப்பை இயக்கமாக நடத்தியது. 1990இல் நாகானோ ஆண்கள் ஜப்பானிலேயே நீண்ட ஆயுள் கொண்டவர்களானார்கள். 2010இல் ஆண்களும் பெண்களும் இருவருமே முதலிடம். 2020இல், ஒகினாவா ஆண்கள் 43ஆம் இடத்தில் இருந்தபோது, நாகானோ ஆண்கள் 2ஆம் இடத்திலும் பெண்கள் 4ஆம் இடத்திலும் இருந்தார்கள். இன்று ஜப்பானில் காய்கறியை அதிகம் உண்ணும் மாகாணங்களில் நாகானோ முன்னணியில் நிற்கிறது.